ஆணியில் தொங்கிய கோட்டு

எந்தக் குடும்பத்திலும் யாருக்கு என்ன பட்டப்பெயர் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழுந்துவிட்டால் அதைத் துடைத்தெடுக்க ஒரு ஆயுள் போதாது. அவளுக்கு எட்டு வயதில் விழுந்தது. பயந்தாங்கொள்ளி. நாற்பத்தாறு வயதாகி, காதோரம் நரைத்து, கண்ணாடி போட்டு, ஒரு ஆபீஸில் எல்லோரும் மரியாதையாக "லேபிள் அக்கா" என்று கூப்பிடும் நிலைக்கு வந்த பிறகும், சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் அவள் பயந்தாங்கொள்ளிதான்.

அது ஒரு மழைநாள் மதியம். உறவினர் வீட்டில் விசேஷம். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போன எட்டு வயதுக் குழந்தை, நீளமான நடையின் கடைசியில் ஆணியில் ஒரு கறுப்பு மழைக்கோட்டு தொங்குவதைப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டு மூச்சை உள்ளே இழுத்ததுபோல உப்பியது. பிறகு சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தது.

அவள் அலறியபடி ஓடினாள். வாசற்படி தடுக்கி விழுந்து முன்பல்லில் பாதி உடைந்துபோனது. எல்லோரும் பதறிக்கொண்டு ஓடிவந்து பார்த்தபோது, கோட்டு அதுபாட்டுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைக் கழற்றி, உதறி, உள்ளே வெளியே திருப்பிக் காட்டினார். "வெறும் கோட்டுதானேம்மா" என்றார். வாயில் ரத்தத்தோடு அந்தக் குழந்தை ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. "அது நகர்ந்துச்சு."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது.

அந்தச் சிரிப்பை அணையாமல் காத்து வளர்த்தவன் அவளுடைய அண்ணன். அவளைவிட மூன்று வயது பெரியவன். இப்போது ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். நடுரோட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாட்டு முணுமுணுக்கிற ஆள். தைரியசாலி, வாய்க்காரன், தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் போதும், கோட்டுக் கதையை எடுத்துவிடுவான். கொடியில் கிடக்கும் ஒரு சட்டையை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைக் குரலில் "அது நகந்துத்து" என்று நடித்துக் காட்டுவான். அவளுடைய கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையிடம் போய், வீட்டில் கோட்டு ஏதாவது இருந்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள் மாப்பிள்ளை, இவள் பார்த்தால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று சொன்னான். கூடம் குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அவரை அந்த நிமிடத்தில் பிடித்துப்போனது.

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. முப்பத்தெட்டு வருஷமாக எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தால், பார்த்த கண்ணே பார்த்ததைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். நகர்ந்ததா, இல்லையா? அவளுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒருத்தர், ஒரே ஒரு முறை, "ஆமா, நகர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டால் போதும் என்று அந்த மனசு ஏங்கியது. நினைவு வரும்போதெல்லாம், மருத்துவர் கட்டிவிட்ட அந்த முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். சாட்சி சொல்ல அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அவளுடைய வேலை சட்டைக் காலரில் தைக்கிற லேபிளுக்குப் படம் போடுவது. அச்சடிக்கிற லேபிள் இல்லை, தறியில் நெய்கிற லேபிள். கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் என்றால் நூல்கள் குறுக்கிடும் ஒரு புள்ளி. எட்டே வண்ணம். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு சிங்கம் கர்ஜிக்க வேண்டும், அதன் கண்ணுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்தை எங்கே வைத்தால் சிங்கம், எங்கே வைத்தால் பூனை என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

அந்த வேலையில் இரண்டு பழக்கங்கள் கையில் ஊறிப்போயிருக்கும். ஒன்று, வாடிக்கையாளர் கொடுத்த மாதிரியில் இருக்கும் எந்தக் கட்டத்தையும் விடக்கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. இரண்டாவது, ஓரம். லேபிளின் ஓரத்தில் நாலு கட்டம் தையலுக்குள் மடிந்து போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதைக் காலியாக விட்டால், வெட்டும் கத்தி ஒரு நூல் பிசகினாலும் வெற்றுத்துணி பல்லிளிக்கும். அதனால் படத்தை அந்த நாலு கட்டத்துக்குள்ளும் நீட்டி வரைந்துவிட வேண்டும். அங்கே யாரும் யோசித்து வரைவதில்லை. பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, டீயை உறிஞ்சிக்கொண்டே, கை தானாக இழுத்துவிட்டுப் போகும்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்துச் சீட்டுக்காரி கம்ப்யூட்டரில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு போல வேண்டுமென்றே கட்டம் கட்டமாகச் செய்த பேய் விளையாட்டு. ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. ஒரு அறையின் படம் வரும். இழுப்பறையை மவுஸால் தொட்டால் திறக்கும், சாவி இருக்கும். கதவைத் தொட்டால் அடுத்த அறை. எதைத் தொட்டால் என்ன வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். நம் லேபிள் அக்கா விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். பேய் வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரி துள்ளி விழுந்தாள். அக்காவோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இந்தப் படிக்கட்டு நிழல் தப்பா இருக்கு. மூணாவது படியில ரெண்டு கட்டம் கூட."

"அக்கா, பேய் வந்து நிக்குது. நீங்க படிக்கட்டைப் பாக்குறீங்க."

"பேயும் தப்பாத்தான் இருக்கு. கண்ணு கீழ இறங்கிருச்சு. பாவமா இருக்கு பாக்க."

அப்படியானால் நீங்களே ஒன்று செய்து காட்டுங்கள் என்று அவள் வம்புக்கு இழுத்தாள். இழுத்ததோடு நிற்கவில்லை. இப்படி விளையாட்டு செய்ய இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளையும் காட்டினாள். படத்தை வரைந்து, தொட வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று எழுதினால் போதும். எட்டு மாதம் கழித்து, பொது அரங்கத்தில் குறுவிளையாட்டுக் கண்காட்சி ஒன்று நடக்கப்போவதாக அறிவிப்பும் வந்திருந்தது. நிபந்தனை மூன்றுதான். இருபது நிமிடத்தில் முடிய வேண்டும், மவுஸ் மட்டும்தான், பதினாறு வண்ணத்துக்குமேல் கூடாது.

"பதினாறா?" என்றாள் அக்கா. "அத்தனையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். என்ன கதை என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கதை அவளுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது. ஏழு அறை. ஒரு சின்னப் பெண். எந்த அறைக்குப் போனாலும் ஒரு கோட்டு தொங்கும். பெரியவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரைத் தொட்டாலும் திரும்பாமலே, "வெறும் கோட்டுதானே?" என்பார்கள். கடைசியில் அந்த நீளமான நடை.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி சரியான இடத்தில் போய் உட்காரும். விளையாட்டுக்கு ஒலி அவருடைய பொறுப்பு. லிஃப்ட் குழிக்குள் போனை வைத்துக் கம்பிகளின் முனகலைப் பதிவுசெய்து கொண்டுவந்தார். பயமுறுத்த ஒரு பெரிய சத்தம் வேண்டும் என்று அவள் கேட்டபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் கத்துவதில்லை, ஃபேன் நிற்கும்போதுதான் கத்துவார்கள் என்றார். அதனால் விளையாட்டு முழுக்க ஒரு ஃபேன் சத்தத்தை ஓடவிட்டார். ஆறு அறைவரை அது ஓடுவதே யாருக்கும் தெரியாது. ஏழாவதில் நிற்கும்.

நாலாவது மாதம் ஏழு அறையும் முடிந்தது. பக்கத்துச் சீட்டுக்காரியை இடைவேளையில் உட்கார வைத்து ஆடச் சொன்னாள். அவளும் ஒவ்வொரு அறையாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏழாவதுக்கு வந்து சேர்ந்தாள். நடையின் கடைசியில் கோட்டு. அவள் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கோட்டுக்குக் கால் இருக்கே."

என்ன காலா என்று இவள் குனிந்து பார்த்தாள். படத்தின் அடி ஓரத்தில், கோட்டின் கீழ்விளிம்புக்குக் கீழே, இரண்டு பாதங்கள்.

என்ன நடந்தது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பழக்கதோஷம். இருபத்திரண்டு வருஷ வழக்கப்படி, அடி ஓரத்தில் தையலுக்கென்று நாலு கட்டம் ஒதுக்கி, அதற்குள்ளும் படத்தை நீட்டியிருக்கிறாள். யோசிக்காமல், டீயைக் குடித்துக்கொண்டு, யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நிம்மதியில். விளையாட்டுக்குத் தையல் ஏது, மடிப்பு ஏது? கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. ஆனால் கால் வரைந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. கை வரைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினாள். அழித்துவிடுகிறேன், கிறுக்குத்தனமாக ஏதோ போட்டுவிட்டேன் என்றாள். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"நீ பாக்காததை வரைவியா?"

"வரைய மாட்டேன்."

"அப்ப இதைப் பாத்திருக்கே."

அவ்வளவுதான் சொன்னார். அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு வருஷம் அவள் மண்டை சந்தேகப்பட்டதை அவள் கை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அழட்டும் என்று அவரும் விட்டுவிட்டு டீ போடப் போனார்.

டீயோடு திரும்பி வந்து, இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். கோட்டின் அகலத்தோடு ஒப்பிட்டால் அவை பெரியவர்களின் பாதங்கள் இல்லை. சின்னக் கால். வலது பெருவிரலில் ஒரே ஒரு கட்டம் வெள்ளை. நகமா, வெளிச்சமா, என்ன அது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் ஏழெட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். யார் யார் என்று விரல்விட்டு எண்ணினாள், பாதி முகம் மறந்துபோயிருந்தது. வெள்ளைக் கட்டத்தை மாற்றிவிடட்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. மாதிரியில் இருப்பதை விடக்கூடாது. விட்டுவைத்தாள்.

பிறகு நாலு மாதம் அந்தக் கால்களைச் சுற்றி விளையாட்டையே திருப்பிக் கட்டினாள். எல்லா அறையிலும் படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்தாள். பார்ப்பவர்கள் அதைப் படச்சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசி அறையில் மட்டும் அது மெல்ல மேலே சுருண்டுகொள்ளும்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை காலை. முந்நூறு நாற்காலி போட்ட அரங்கம் நிரம்பியிருந்தது. ஒன்பது விளையாட்டு. மேடையில் சுவர் அகலத்துக்குத் திரை. ஒவ்வொரு விளையாட்டையும் கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து எல்லோர் முன்னாலும் ஆட வேண்டும், செய்தவர் ஓரமாக நிற்க வேண்டும், கடைசியில் எல்லோரும் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் இவள் வயதில் பாதி. ஏற்கெனவே மூன்று பேய் விளையாட்டு வந்துபோயிருந்தது, மூன்றிலும் ரத்தம் ஆறாக ஓடியது.

இவளுடைய முறை வந்தது. யார் ஆட வருகிறீர்கள் என்று தொகுப்பாளர் கேட்டு முடிப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அண்ணன். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. மேடையேறியவன் உட்காருவதற்கு முன்னால் மைக்கை வாங்கினான்.

"ஒரு நிமிஷம். இந்த விளையாட்டைச் செஞ்சது என் தங்கச்சி. இவளைப் பத்தி ஒரு கதை சொல்லணும்."

சொன்னான். வழக்கம்போல, ஒரு வரி விடாமல். தொகுப்பாளரின் கோட்டையே வாங்கித் தூக்கிப் பிடித்து "அது நகந்துத்து" என்றான். அரங்கம் அதிர்ந்தது. முந்நூறு பேர். எட்டு வயதில் பதினைந்து பேர் சிரித்ததையே தாங்காத அந்த மனசு, இப்போது முந்நூறு பேரின் சிரிப்பை நின்று வாங்கியது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நாக்கு முன்பல்லைத் தொட்டது. அவள் நகரவில்லை.

"ஆடு அண்ணா" என்றாள்.

அண்ணன் உட்கார்ந்தான். முதல் மூன்று அறைவரை அவன் கொண்டாட்டம்தான். இங்கேயும் கோட்டு, அங்கேயும் கோட்டு, இது வீடா டெய்லர் கடையா என்று கேட்டான். கூட்டமும் கூடவே சிரித்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவரைத் தொட்டான். "வெறும் கோட்டுதானே?" என்று எழுத்து வந்தது. சிரித்தார்கள். அடுத்தவரைத் தொட்டான். "வெறும் கோட்டுதானே?" கொஞ்சம் சிரித்தார்கள். ஐந்தாவது அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆறாவது அறையில் அந்தச் சின்னப் பெண் வாயைத் திறந்தால் எழுத்தே வரவில்லை, காலிப் பெட்டி மட்டும் வந்தது. அண்ணன் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

ஏழாவது அறை. நடை. அதன் கடைசியில் கோட்டு. ஃபேன் நின்றது.

அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வது? முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்தார்கள். பின்வரிசையில் நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக் கைகட்டிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார். அண்ணன் கோட்டைத் தொட்டான், ஒன்றுமில்லை. ஆணியைத் தொட்டான், சுவரைத் தொட்டான். அப்புறம் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. "கீழே பார்."

கறுப்புப் பட்டை மெல்லச் சுருண்டு மேலே போனது.

யாரோ ஒரு பெண் வீறிட்டாள். எங்கேயோ ஒரு டம்ளர் உருண்டது. பத்து வரிசை தாண்டி நாற்காலிகள் கிறீச்சிட்டன. அந்தப் பெரிய திரையில் ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அளவு இருந்தது. இரண்டு பாதங்கள், பத்து விரல்கள், வலது பெருவிரலில் பளீரென்று ஒரு வெள்ளை.

அண்ணன் அலறவில்லை. திரையை நோக்கிக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. எந்த மாணவன் எங்கே வண்டியை மோதினாலும் ஆடாத அந்தக் கை மவுஸை விட்டுவிட்டது. சார், இன்னும் ஒரே ஒரு கிளிக்தான் பாக்கி என்று தொகுப்பாளர் நினைவூட்டினார். அவனுக்குக் காதில் விழவில்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"இந்தக் கட்டு. அன்னைக்குக் காலையில கண்ணாடி குத்தி, அம்மா துணியைக் கிழிச்சுக் கட்டிவிட்டது."

மைக் அவன் முன்னால்தான் இருந்தது. முந்நூறு பேரும் கேட்டார்கள். அண்ணன் எழுந்து நின்றான். மைக்கைக் கையில் எடுத்தான். சத்தமாகப் பேசியே பழகிய அந்தத் தொண்டையிலிருந்து வந்த குரலை அண்ணிகூட அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"இப்ப ஒரு கதை சொன்னேனே, அது பொய். எனக்கு அப்போ பதினோரு வயசு. கோட்டுக்குப் பின்னால நின்னது நான்தான். நான்தான் முன்னால தள்ளினேன். அது நகர்ந்துச்சு. என் தங்கச்சி சரியாத்தான் பாத்தா."

அவன் மைக்கைக் கை மாற்றிக்கொண்டான்.

"அவ வாயில ரத்தத்தைப் பாத்ததும் பின்வாசல் வழியா ஓடிட்டேன். அப்பா தோலை உரிச்சிருவார்னு பயம். திரும்பி வந்தா எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. நானும் சிரிச்சேன். சிரிப்பை நிறுத்தினா மாட்டிக்குவோம்னு அப்புறம் நிறுத்தவே இல்ல. பயந்தாங்கொள்ளி அவ இல்ல. நான்."

முப்பத்தெட்டு வருஷமாக அவள் காத்துக்கிடந்த வாக்கியம் அது. தனியாக, காதோடு காதாகச் சொல்லியிருந்தாலே அவளுக்குப் போதும். மைக்கில், முந்நூறு பேர் முன்னால், சொல்ல வேண்டிய வாயாலேயே வந்தது. அவள் நடந்து வந்தாள். அண்ணனின் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, அந்த வெள்ளைக் கட்டத்தைத் தொட்டாள்.

திரை முழுக்க வெள்ளையானது. நடுவில் இரண்டே சொல். நாலு மாதத்துக்கு முன்னால், கால்கள் யாருடையவை என்று தெரியாதபோதே அவள் எழுதிவைத்த முடிவு.

"நான் பார்த்தேன்."

முதலில் எழுந்து நின்றது பக்கத்துச் சீட்டுக்காரி. பிறகு அவள் வரிசை. பிறகு அரங்கமே எழுந்தது. அந்தக் கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. எட்டு வயதில் அவளைச் சுற்றி எழுந்த சிரிப்பு மொத்தத்தையும் எடைக்கு எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அது ஓய்ந்தது. சீட்டுகளைப் பிரித்து எண்ணினார்கள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. முதல் பரிசு அறிவிக்கப்பட்டு, நாலு வார்த்தை பேசும்படி தொகுப்பாளர் மைக்கை நீட்டியபோது, மேடை என்றாலே ஒதுங்கிப்போகிற நம் லேபிள் அக்கா, பத்து வருஷம் பேசிப் பழகியவள் மாதிரி அதை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். வெறும் கோட்டு இல்ல."

அரங்கம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுடையது.

வீடு திரும்பும்போது காரை அண்ணன்தான் ஓட்டினான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக இரண்டு முறை கியர் தடுமாறி வண்டியை நிற்கவிட்டான். இருபத்தைந்து வருஷமாக ஒரு பேயோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று அண்ணி வழி முழுக்க அர்ச்சனை செய்துகொண்டு வந்தாள். தங்கையின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவன், ஸ்டியரிங்கை விடாமல், மன்னித்துவிட்டாயா என்று கேட்டான்.

அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"பல்லுக்கு மன்னிச்சுட்டேன். சிரிச்சதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவள் மறுபடி உட்கார்ந்தாள். விளையாட்டை எல்லோரும் எடுத்து ஆடும்படி இணையத்தில் போடச் சொல்லிக் கண்காட்சிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். கடைசியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பட்டியல் வர வேண்டும். படம், கதை என்று தன் பெயரைப் போட்டாள். ஒலி என்று கணவர் பெயர். முதலில் பயந்தவர் என்று பக்கத்துச் சீட்டுக்காரி. பிறகு போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். கால்கள் என்று எழுதி உன் பெயரைப் போடலாமா, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

போனில், அண்ணனுக்குப் பின்னால் ஏதோ ஒரு மாணவனின் வண்டி கியர் மாற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது.

"போடு" என்றான் அண்ணன். "முழுப் பேரும் போடு. இனிஷியலோட."